இன்னிக்கு நார்மல் யாரு?

நேற்று காலையில் எங்கள் வீட்டு மின்சாரக் கெட்டிலில் வினிகரை ஊற்றிக் கொதிக்க வைத்தேன். மயிலாப்பூர் போர்வெல் தண்ணீரின் குணம் உனக்குத் தெரியாததா? கொஞ்ச நாள் கவனிக்காமல் விட்டால் போதும், கெட்டிலின் அடியில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாகப் படிந்துவிடும். வினிகர் கொதித்து ஆவி கிளம்பியதும் மூக்கில் சுருக்கென்று ஏறியது. உள்ளேயிருந்து அம்மா, "என்னடி இது நாத்தம், ஆத்துல இருக்க முடியலையே" என்றாள். எனக்கு அது நாற்றமாகவே படவில்லை. நீ தோளில் இடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பது போல இருந்தது.

நம் ஆய்வுக்கூடத்தில் சாயம் கழுவும் திரவத்துக்கும் இதே வாசனைதான். எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் கையை விட்டுப் போகாது. வேலை முடிந்து அடையாறிலிருந்து திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் ஒருநாள் முகத்தைச் சுளித்து, "ஊறுகாய் கம்பெனியிலயா வேலை?" என்று கேட்டாள். நீ கண் சிமிட்டாமல், "ஆமாம்மா, நுரையீரல் ஊறுகாய்" என்றாய். அந்த அம்மாள் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டாள். அவள் இறங்க வேண்டிய இடமே அதுதான் என்று நீ கடைசிவரை சாதித்தாய்.

இதை நீ படிக்கப் போவதில்லை. படித்தால் இதற்குள் "இன்னாடி மயிலாப்பூரு, கட்டுரை எழுதிகினு கீற?" என்று கேட்டிருப்பாய். நீ என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே கிடையாது. நான் மயிலாப்பூர், நீ ராயப்பேட்டை. ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து, ஒரே மேஜையின் இரண்டு பக்கங்களில் உட்கார்ந்து, தலை நரைக்கும் வரை சண்டை போட்ட இருவருக்கு ஊர்ப் பெயரே போதுமானதாக இருந்தது.

நம் வேலை என்ன என்று யாராவது கேட்டால் நான் திணறுவேன். "நாள்பட்ட நுரையீரல் அழற்சியில் திசுவைச் சிதைக்கும் நொதிகள்" என்று ஆரம்பிப்பதற்குள் கேட்டவர் கடிகாரத்தைப் பார்ப்பார். நீ திணறியதே இல்லை. நாம் சோதனைக்குச் சளி எடுக்கப் போகும் நெஞ்சுநோய்ப் பிரிவில், இளைத்து இளைத்து மூச்சுவிடும் ஒரு பெரியவருக்கு நீ விளக்கியது நினைவிருக்கிறது. ஆட்டோ ஓட்டியவர், பீடிப் பழக்கம் உள்ளவர்.

"நைனா, புது ஜட்டி எலாஸ்டிக்கை இழுத்து வுட்டா இன்னா ஆவும்?"

"டப்புனு திரும்பி வரும்."

"பழசு?"

"தொளதொளன்னு தொங்கும்."

"உங்க நுரையீரல்லயும் அந்த மாதிரி எலாஸ்டிக் கீது. காத்து உள்ள போனா பை விரியும். அந்த எலாஸ்டிக்தான் சுருங்கி காத்தை வெளிய தள்ளும். நீங்க வருஷக்கணக்கா புகையை வுட்டுகினே இருந்தீங்களா, உடம்பு இன்னாவோ திருடன் பூந்துட்டான்னு ஆளுங்களை அனுப்பிச்சுது. அவுங்க கையில கத்திரி. திருடனும் இல்ல, ஒண்ணும் இல்ல. எலாஸ்டிக்கை வெட்டிட்டாங்க."

"அதான் மூச்சை வாங்க முடியுது, வுட முடியலையா?" என்றார் அவர். பிறகு ஜட்டி நினைவுக்கு வந்து சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கும்வரை நீ அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாய். நான் அங்கே நின்று, இத்தனை வருடம் படித்த பாடம் இவ்வளவு எளிதா என்று வியந்துகொண்டிருந்தேன்.

அந்தக் கத்திரியைத்தான் நாம் வாழ்நாள் முழுக்கத் துரத்தினோம். ஆனால் அதை வில்லன் என்று யாராவது சொன்னால் உனக்குக் கோபம் வரும். அந்த நொதி இல்லாவிட்டால் புண் ஆறாது, கிருமி புகுந்த இடத்துக்கு வெள்ளணுக்கள் வழி வெட்டிக்கொண்டு போக முடியாது, குழந்தையின் நுரையீரல் சரியாக வளராது என்று விரல்விட்டு எண்ணுவாய். நம் தெருக்களில் பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்த காலம் அது. "இடிக்கிறவனைத் திட்டாதடி. அவனுக்கு அதுதான் வேலை. போதும் நிறுத்துன்னு சொல்ற மேஸ்திரி எங்க போனான்னு கேளு" என்பாய். ஈரலில் பிறந்து ரத்தத்தில் வந்து அந்த நொதிகளை மடக்கிப் பிடிக்கும் புரதத்துக்கு நம் இருவருக்கு இடையில் அன்றிலிருந்து மேஸ்திரி என்றே பெயர். புகை அந்த மேஸ்திரியையும் செயலிழக்க வைக்கிறது என்பதைச் சொல்ல, "மேஸ்திரி லீவு" என்பாய். கருத்தரங்குகளில் அது வாய் தவறி வந்துவிடுமோ என்று எனக்கு எப்போதும் பயம்.

விலங்குத் தோலிலிருந்து காய்ச்சி எடுக்கும் ஜெலட்டின் கலந்த மெல்லிய ஜெல்லில், சளியிலிருந்து எடுத்த நீரை வரிசை வரிசையாக ஓடவிட்டு, பிறகு நீலச் சாயம் ஊற்றுவோம். ஜெல் முழுவதும் நீலமாகும். நொதி உட்கார்ந்து ஜெலட்டினைத் தின்ற இடம் மட்டும் சாயம் ஏறாமல் கண்ணாடியாக நிற்கும். நீலம் இல்லாத பட்டை எவ்வளவு அகலமோ அவ்வளவு நொதி. ரம்ஜான் மாதத்தில் நீ எங்கள் வீட்டுக்கு ரோஜா நிறத்தில் கடல்பாசி இனிப்பு செய்து கொண்டுவருவாய். அம்மா முதல் தடவை தட்டைக் கையில் வாங்கி, "இதுல ஜெலட்டின் கிலட்டின் இல்லையோன்னோ?" என்று கேட்டாள். "ஐயோ, இது பாசிதாம்மா. ஜெலட்டினை எல்லாம் உங்க பொண்ணுதான் தினம் தொட்டுகினு கீறா" என்று என்னை மாட்டிவிட்டாய். அம்மா என்னைக் குளித்துவிட்டுச் சமையலறைக்கு வரச் சொன்னதும், உன் கடல்பாசியை முழுக்கச் சாப்பிட்டதும் ஒரே மாலையில்தான்.

நோயாளிகளின் மாதிரி எத்தனை இருந்தாலும், ஒவ்வொரு ஜெல்லிலும் இடது ஓரத்தில் நோயில்லாத ஒருவருடைய மாதிரி ஓட வேண்டும். அதோடு ஒப்பிட்டால்தான் மற்றதற்கு அர்த்தம். அதற்கு வெளியே எங்கே போவது? உலகத்தில் எல்லா ஆய்வுக்கூடங்களிலும் நடப்பதுதான் நம்மிடமும் நடந்தது. முறைப்படி கையெழுத்துப் போட்டுவிட்டு, நம்மில் ஒருவர் உப்புநீர் ஆவியைப் பிடித்து, இருமி, சளி எடுத்துக் கொடுப்போம். காலையில் கதவைத் திறந்ததும் முதல் கேள்வியே, "இன்னிக்கு நார்மல் யாரு?" என்பதாக இருக்கும்.

நல்ல நுரையீரலிலிருந்து சளியை வரவழைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. நான் ஆவி பிடித்துக் கண்ணில் நீர் வழிய இருமினாலும் எச்சில்தான் வரும். உனக்கு அப்படியில்லை. இரண்டு இருமல், குப்பியில் வேண்டிய அளவு. "ராயப்பேட்டை மாதிரி நார்மல் யாருக்கு வாய்க்கும்?" என்று எல்லோரும் உன்னைக் கொண்டாடினோம். சிகரெட்டைக் கையால் தொட்டதில்லை, ஆஸ்துமா இல்லை, கேட்ட நேரத்தில் கொடுப்பாய். நம் ஆஸ்தான நார்மல் ஆகிவிட்டாய் நீ. சளி சுலபமாக வருகிறது என்று, நுரையீரலையே படித்துக்கொண்டிருந்த ஒரு கூட்டம் கைதட்டியதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. நீ சிரித்தாய். அதனால் நானும் சிரிப்பதாக வைத்துக்கொள்கிறேன்.

பிறகு ஜெல் படுத்த ஆரம்பித்தது. நீலமாக இருக்க வேண்டிய இடது ஓரத்தில், நோயாளிகளுக்கு வருவது போலக் கண்ணாடிப் பட்டை. பஃபர் என்னும் உப்புக் கரைசலை மாற்றினோம். ஜெலட்டினை மாற்றினோம். சாயத்தைப் புதிதாகக் கலக்கினோம். பக்கத்து மாதிரி வழிந்து வந்திருக்கும் என்று ஒரு இடம் விட்டு ஊற்றினோம். நீ ஜெல்லை விளக்குப் பெட்டியின் மேல் வைத்து, "யாரோ என் இடத்துல சூனியம் வெச்சுட்டாங்கடி" என்பாய். மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்று போனை எடுத்துப் பார்க்கும் வழக்கம் உனக்கு அந்த நாட்களில் வந்திருந்தது. போனில் அப்படி என்ன வருகிறது என்று நான் கேலி செய்வேன். நீயும் ஏதோ ஒரு பதில் சொல்வாய்.

பக்ரீத் விடுமுறைக்கு நீ வராத நாட்களில் வேறொருவர் நார்மலாக உட்கார்ந்தார். அன்றைய ஜெல்லில் இடது ஓரம் சுத்தமான நீலம். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். உடனே உனக்குப் போன் செய்து, சரியாகிவிட்டது, பஃபர்தான் பிரச்சினை என்று கத்தினேன். மறுவாரம் நீ வந்து, அதே பஃபரில், அதே சாயத்தில், உன் மாதிரியை ஓடவிட்டாய். பட்டை திரும்பி வந்தது.

நீ அந்த ஜெல்லைப் பார்த்தபடி நின்றது இப்போதும் என் கண்ணில் இருக்கிறது. கையுறையைக் கழற்றவில்லை. விரலால் அந்தக் கண்ணாடிப் பட்டையின் ஓரத்தைத் தடவினாய். பிறகு மெதுவாகச் சிரித்தாய். "பஃபர் மேல ஒரு தப்பும் இல்லடி. பாவம், அதைப் போட்டு எத்தினி தடவை கொட்டினோம். இது நான்தான்."

"உளறாதே. உனக்கு ஜலதோஷமா இருக்கும்."

"இத்தினி மாசமாவா ஜலதோஷம்?" என்றாய். "வா, ஊதிப் பார்த்துடலாம்."

எத்தனையோ பேரை உட்காரவைத்து நீயே ஊதச் சொன்ன கருவியின் முன்னால் அன்று நீ உட்கார்ந்தாய். குழாயை வாயில் வைக்கும்முன் என்னைப் பார்த்து, "நீ சொல்லு" என்றாய். நோயாளிகளுக்கு நீ சொல்வதை உனக்கு நான் சொன்னேன். ஊது, ஊது, விடாதே, இன்னும், இன்னும், இன்னும். திரையில் கோடு ஏறி, பிறகு நம் நோயாளிகளுடையதைப் போலவே குழிந்து இறங்கியது. அந்தக் கோட்டைப் படிக்க நம் இருவருக்கும் டாக்டர் தேவைப்படவில்லை. நீ என் கையைப் பிடித்து அழுத்தினாய். யாருக்கு யார் ஆறுதல் சொல்வது என்ற கணக்கெல்லாம் உனக்கு எப்போதும் கிடையாது.

ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் இளைஞர். கேட்கத் தயங்கிக் கேட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். தம் அடிக்கிற பழக்கம் ஏதாவது?"

"அடிச்சதில்ல டாக்டர்," என்றாய். "போட்டிருக்கோம்."

அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. உங்கள் அப்பாவும் பெரியப்பாவும் கல்யாணத்துக்குப் பிரியாணி போடுபவர்கள். ராயப்பேட்டை வீட்டின் பின்கட்டில் விறகடுப்பு அணைந்த நாளே இல்லை என்பாய். பிரியாணி அண்டாவான தேக்சாவின் மூடியில் தம்முக்குத் தணலை அள்ளிப் போட்டு உன் அம்மா விசிறும்போது, பாடப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நீ. உனக்குப் பிடித்த இடமே அதுதான். வீடு திரும்பும்போது ஆட்டோவில், "பாத்தியா, பீடி பிடிச்சா தம். பிரியாணிக்கும் தம். எங்க உருதுல மூச்சுக்குப் பேரே தம். மூணும் ஒரே ஆளைப் பிடிச்சுகிச்சு" என்று சொல்லிச் சிரித்தாய். ஓட்டுநர் கண்ணாடியில் உன்னைப் பார்த்தார். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதற்கு அடுத்த வாரக் கூட்டத்தில் நீ செய்ததுதான் நான் உன்னை நினைத்துப் பெருமைப்படும் முதல் காரியம். நம் பிரிவின் தலைவர் நல்லவர். உன் மனம் நோகக் கூடாது என்று பார்த்துப் பார்த்துப் பேசினார். "அந்த ஜெல்லை எல்லாம் எடுத்துடலாம். யாரும் அதைப் பத்திப் பேச வேண்டாம். புது நார்மல் வெச்சு ஓட்டிக்கலாம்" என்றார். யாரும் உன்னைப் பார்க்கவில்லை. நீ எழுந்தாய்.

"நார்மல்லேர்ந்து எடுத்துடுங்க சார். ஆனா தூக்கிப் போடாதீங்க. என்னை நோயாளிங்க பக்கம் மாத்துங்க. நாம இதுவரைக்கும் பீடி பிடிக்கிற ஆம்பளைங்களைத்தான் தேடிகினு போனோம். புகையே பிடிக்காத பொம்பளைகிட்ட இவ்வளவு நொதி இருக்குன்னு இந்த ஜெல் சொல்லுது. அடுப்புகிட்ட நிக்கிறவங்களை நாம கேக்கவே இல்லையே சார்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதித் தாங்க, அனுமதி கேக்கலாம்" என்றார்.

எனக்கு ஒரு நோய் வந்தால் நான் என்ன செய்வேன் என்று அன்று யோசித்துப் பார்த்தேன். கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பேன். கபாலி கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்லியிருப்பேன். கண்டிப்பாக, என் நோயை எடுத்து மேஜை மேல் வைத்து, இதில் ஒரு கேள்வி இருக்கிறது பாருங்கள் என்று சொல்லியிருக்க மாட்டேன். நீ சொன்னாய். அனுமதி வந்ததும் ஊதும் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு நீயே கிளம்பினாய். ராயப்பேட்டைச் சந்துகளில் கல்யாணச் சமையலுக்குப் போகும் பெண்கள். பெருங்குடியில் குப்பைமேட்டுப் புகையை வாசலிலேயே வைத்துக்கொண்டு வாழ்ந்த பெண்கள். "எனக்கும் கீது, அதான் வந்தேன்" என்று நீ சொன்ன மறு நிமிடம் அவர்கள் பாயை விரித்தார்கள். பலரும் அதுவரை அதை வயசு, உடம்பு, களைப்பு என்றே சொல்லிவந்தவர்கள். உன் பட்டையைப் போன்ற பட்டை அவர்களில் சிலருடைய ஜெல்லிலும் தெரிந்தது. அவர்கள் பெயரில் மருந்துச் சீட்டு என்று ஒன்று எழுதப்பட்டதற்கு நீதான் காரணம்.

அந்த அலைச்சலில் நீ மாடிப்படியின் நடுவில் போனைப் பார்ப்பதை விட்டுவிட்டாய். மூச்சுக்காகத்தான் என்று மறைக்காமல் நிற்பாய். "இரு, என் மேஸ்திரி லீவு" என்பாய். நானும் நிற்பேன். உன் உதடுகளைக் குவித்து, மெழுகுவர்த்தியை அணைக்காமல் ஊதுவது போல மூச்சை விடுவாய். "வாங்குறதைப் பத்திக் கவலை இல்லடி, அது தானா வரும். விடுறதுதான் வேலை" என்று ஒருமுறை சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து உடனே, "இதைத் தத்துவம் ஆக்கிடாத, நான் காத்தைப் பத்திப் பேசறேன்" என்றாய். இன்றுவரை ஆக்கவில்லை.

நீ வேலையை விட்டு வீட்டோடு இருந்த காலத்தில் சனிக்கிழமைகளில் உன்னைப் பார்க்க வருவேன். கீழறையில் ஆக்சிஜன் இயந்திரம் முனகிக்கொண்டிருக்கும். ஜெல் படங்களைப் போனில் காட்டினால் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பாய். "பட்டை ரெண்டு ஓரமும் மேல வளைஞ்சு சிரிக்குது பாரு. சூடு ஜாஸ்தி. கரண்டைக் குறைக்கச் சொல்லு" என்பாய். நீ சொன்னதுதான் சரியாக இருக்கும். கடைசியாக நான் வந்த சனிக்கிழமை மழை பெய்துகொண்டிருந்தது. உனக்குப் பேச்சுக்கு நடுவில் நிறுத்த வேண்டியிருந்தது.

"இப்போ நார்மல் யாரு?"

"புதுசா சேர்ந்திருக்காளே, அந்தப் பொண்ணு."

"ஊத வெச்சியா?"

"வெச்சேன்."

"முழுசா ஊதினாளா?"

"முழுசா ஊதினா."

தலையை ஆட்டினாய். நார்மல் என்று யாரையும் முகத்தைப் பார்த்து எடுத்துக்கொள்ளக் கூடாது, ஊதிப் பார்த்துவிட்டுத்தான் அந்த ஓரத்தில் இடம் கொடுக்க வேண்டும் என்பது நீ வைத்துவிட்டுப் போன சட்டம். அந்த மழைக்காலச் சளி உன் நெஞ்சில் இறங்கியது. பிறகு எழவில்லை நீ. உன்னை அடக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு ஆண்கள் சந்து முனையைத் தாண்டிப் போனபோது, நான் உன் வீட்டுப் பெண்களோடு வாசலில் நின்றேன். பின்கட்டில் அன்று அடுப்பு எரியவில்லை. உன் அண்ணன் எப்போதோ அங்கே கேஸ் வைத்துவிட்டார் என்பது அப்போதுதான் என் கண்ணில் பட்டது. உன்னால்தான் வைத்தார் என்று உன் அண்ணி சொன்னார்.

உனக்குப் பிறகு நான் நார்மலாக உட்காரவில்லை. யார் கேட்டாலும், எனக்குச் சளி வராது, விடுங்கள் என்று நழுவிவிடுவேன். உண்மை அதுவல்ல. அந்த இடது ஓரத்து இடம் உன்னுடையது. அங்கே போய் உட்கார எனக்கு மனம் வரவில்லை. உன் பட்டை விழுந்த அந்த ஜெல்லை உலர்த்தி, என் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்திருக்கிறேன். ஜெல்லின் நீலத்துக்கு நடுவில் அந்தப் பட்டையின் வழியாக வெளியே இருக்கும் வேப்பமரம் பச்சையாகத் தெரிகிறது.

நேற்று வினிகர் வாசனை போகாத கையோடு வேலைக்குப் போனேன். நார்மலாக உட்காரும் அந்தப் புதுப் பெண்ணுக்குத் தொண்டை கட்டியிருந்தது. மற்றவர்கள் இன்னும் வரவில்லை. மாதிரிகள் பனிக்கட்டியில் காத்திருந்தன. அவள் கம்மிய குரலில், "இன்னிக்கு நார்மல் யாரு மேம்?" என்றாள்.

"நான்தான்," என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

"மேம், உங்களையும் ஊதச் சொல்லணுமா?" என்று தயங்கினாள். அவளுக்கு உன்னைத் தெரியாது. உன் சட்டம் மட்டும் தெரியும்.

"சொல்லணும்."

குழாயை வாயில் வைத்தேன். ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும் என்று அவள் சொல்ல ஆரம்பித்தாள். உன் வார்த்தைகள், கட்டிய தொண்டையில். திரையில் கோடு ஏறி, நேராகச் சரிந்து இறங்கியது. "நார்மல் மேம், போதும், நிறுத்திக்கலாம்" என்றாள் அவள். நான் நிறுத்தவில்லை. கண்ணில் நீர் முட்டி, விலா வலித்து, உள்ளே ஒரு துளி காற்று மீதி இல்லாமல் போகும்வரை, உன் பங்கையும் சேர்த்து ஊதிக்கொண்டிருந்தேன்.

உன்
மயிலாப்பூர்